மின்சார லோடு வண்டி உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? நெல்லைச் சீமைக்கான முழுமையான வழிகாட்டி

நெல்லையில் இருந்து நாகர்கோவில் சுமார் 80 கிலோமீட்டர். போகவர 160. டாடா ஏஸ் இவி என்ற மின்சார லோடு வண்டிக்குக் கம்பெனித் தாளில் ஒரு முழு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. ஒரு டன் ஏற்றும் மாடலுக்கு 161. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "காலையில போயிட்டு சாயங்காலம் வந்திரலாம்லா அண்ணாச்சி?" என்று கேட்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர்.

மாசி மாதம், அரை லோடு, நிதானமான ஓட்டம் என்றால் கிட்டத்தட்ட வந்து சேரலாம். ஆடி மாதம் வாழைத்தாரை கேபினுக்கு மேலே அடுக்கிக்கொண்டு கிளம்பினால், வழியில் எங்காவது நிறுத்தி சார்ஜ் போடாமல் வீடு திரும்ப முடியாது. வண்டி அதேதான், பேட்டரி அதேதான். காற்றும் லோடும் வேகமும் மாறியிருக்கின்றன.

மின்சார லோடு வண்டி வாங்க நினைப்பவர்களுக்கும், வாங்கிவிட்டு "சொன்ன கிலோமீட்டர் வரமாட்டேங்கு" என்று வருத்தப்படுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் வண்டி, உங்கள் ரோட்டில், உங்கள் லோடோடு, வருஷத்தின் மிக மோசமான நாளில் எவ்வளவு ஓடும் என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். தொழிலுக்கு உதவும் எண் அது ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கிலோமீட்டரை விட்டுவிட்டு யூனிட்டில் பேசுங்கள்

பேட்டரியின் அளவைக் கிலோவாட் மணி என்று எழுதுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுக் கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான் அது. ஒரு கிலோவாட் மணி, ஒரு யூனிட். ஏஸ் இவியின் பேட்டரி 21.3 யூனிட் பிடிக்கும். 2025-இல் வந்த சின்ன வண்டியான ஏஸ் புரோ இவிக்கு 14.4 யூனிட்.

கம்பெனி சொல்லும் கிலோமீட்டரைப் பேட்டரி யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். ஏஸ் இவிக்கு 154-ஐ 21.3-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 7.2 கிலோமீட்டர் வருகிறது. ஏஸ் புரோவுக்கு 155 கிலோமீட்டர் என்கிறார்கள், 14.4-ஆல் வகுத்தால் 10.8. இரண்டு வண்டிக்கும் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், ஒன்று போலத் தெரிந்தாலும், சின்ன வண்டி சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு அதைக் காட்டுகிறது. லோடு கூடி, வேகம் கூடி யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டராக இறங்கினால் ஏஸ் புரோவில் மிஞ்சுவது 100 கிலோமீட்டர்தான். ஷோரூமில் உட்காரும்போதே இந்த வகுத்தலைச் செய்துவிடுங்கள். டீசல் வண்டிக்கு லிட்டருக்கு எத்தனை என்று கேட்போம் அல்லவா, அதேபோல இங்கே யூனிட்டுக்கு எத்தனை என்று கேட்க வேண்டும்.

அந்த 154 பொய்யான எண் இல்லை. இந்தியாவில் ஏஐஎஸ் 040 என்ற விதிப்படி வண்டியை உருளைமேல் ஏற்றி, ஒரு குறிப்பிட்ட ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். நின்று நின்று கிளம்பும் நகர ஓட்டம் நாலு தடவை, பிறகு வேகமான ஓட்டம் ஒரு தடவை. ஒரு சுற்றுக்கு 20 நிமிஷம்கூட ஆகாது. சராசரி வேகம் 30-ஐச் சற்றே தாண்டும். உருளைமேல் எதிர்க்காற்று கிடையாது, ஏற்றம் கிடையாது, தார்ப்பாய் படபடக்காது. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அந்த எண் உதவும். தென்காசி ரோட்டுக்கு உதவாது.

இரண்டாம் படி: சொந்தக் கணக்கை எழுத ஆரம்பியுங்கள்

சார்ஜ் போடும் 15 ஆம்பியர் பிளக்குக்கு முன்னால் ஒரு சப்-மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு அரைமணி நேர வேலை. வண்டியோடு ஒரு நோட்டு இருக்கட்டும்.

இரவு முழு சார்ஜ் ஏறி, தானாக நின்ற பிறகு ஓடோமீட்டரைக் குறியுங்கள். வழக்கமான வேலையைப் பாருங்கள். சாயங்காலம் வந்ததும் ஓடோமீட்டரும் பேட்டரி சதவீதமும். மறுபடி முழு சார்ஜ் ஏறியதும் சப்-மீட்டர் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். கூடவே லோடு எவ்வளவு, எந்த ரோடு, காற்று எப்படி என்று ஒரு வரி.

இதில் இரண்டு மைலேஜ் கிடைக்கும். சப்-மீட்டர் யூனிட்டை வைத்து வருவது பணக் கணக்கு. சுவரில் இருந்து எடுப்பதெல்லாம் பேட்டரிக்குள் போவதில்லை. சார்ஜர் சூடாவதில் பத்து முதல் பதினைந்து சதவீதம் போய்விடும். அந்த நஷ்டத்துக்கும் பில் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். சதவீதத்தை வைத்து வருவது தூரக் கணக்கு: 66 கிலோமீட்டருக்கு 55 சதவீதம் செலவானால், நூறு சதவீதத்துக்கு 120 கிலோமீட்டர். அஞ்சு, பத்து சதவீத ஓட்டத்தை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள், எண் தாறுமாறாக வரும். பாதிப் பேட்டரியாவது செலவாகட்டும்.

டேஷ்போர்டில் "இன்னும் இத்தனை கிலோமீட்டர்" என்று காட்டுவது நீங்கள் சற்றுமுன் ஓட்டிய ஓட்டத்தை வைத்துப் போடும் ஊகம். அடுத்த ஊரில் காற்று எப்படி அடிக்கப்போகிறது என்று அதற்குத் தெரியாது. சதவீதத்தை நம்புங்கள். சதவீதமும் சரியாகக் காட்ட வேண்டுமென்றால் ஒரு வேலை இருக்கிறது. லோடு வண்டிகளில் இப்போது பெரும்பாலும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரிதான். இதன் வோல்டேஜ் நடுப்பகுதியில் ஏறாமல் இறங்காமல் கிடக்கும், அதனால் மீதி எவ்வளவு என்று வண்டிக்கே சரியாகப் பிடிபடாது. வாரம் ஒருமுறையாவது நூறு சதவீதம் வரை ஏற்றி, சார்ஜர் தானாக நிற்கும்வரை விட்டுவிட்டால் கணக்கு நேராகும். எப்போதும் எண்பதிலேயே பிடுங்கிக்கொண்டிருந்தால், முப்பது காட்டிக்கொண்டிருந்த மீட்டர் திடீரென்று பத்துக்கு இறங்கும்.

மூன்றாம் படி: காற்றைப் படியுங்கள்

வெளிநாட்டில் மின்சார பிக்கப் ஓட்டுபவர்களுக்குப் பெரிய கவலை பனிக்காலம். குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும், ஹீட்டரும் தின்னும். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் ரேஞ்சைத் தின்பது ஆனி, ஆடி, ஆவணிக் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைப் பக்கம் ஒரு வாசல், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு வாசல். தென்மேற்குப் பருவக்காற்று இந்த இரண்டு வழியாகவும் நெருக்கிக்கொண்டு வருகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் அதுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். நீங்கள் மணிக்கு 50-இல் போகிறீர்கள், எதிரே 30-இல் காற்று அடிக்கிறது என்றால், வண்டியின் முகத்துக்கு அது 80. எதிர்ப்பு இரண்டரை மடங்குக்கு மேல். ஸ்பீடோமீட்டர் என்னவோ 50 என்றுதான் காட்டிக்கொண்டிருக்கும்.

வண்டியும் லோடும் சேர்ந்து 2 டன், 21.3 யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொண்டு ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். காற்றில்லாத நாளில் 50-இல் போனால் யூனிட்டுக்கு ஏழரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் அது ஐந்தாக இறங்குகிறது. அதே காற்று முதுகில் இருந்து தள்ளினால் பதினொன்று.

இதைத் தென்காசி ரோட்டில் வைத்துப் பாருங்கள். நெல்லை–தென்காசி சுமார் 55 கிலோமீட்டர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக மேற்கும் வடமேற்குமாகப் போகிறது. சீசன் நேரத்தில் குற்றாலத்துச் சாரலைக் கொண்டுவரும் அதே காற்று இந்த ரோட்டில் எதிரே வரும். தென்காசிக்காரர் ஒருவர் காலையில் நெல்லைக்குக் கிளம்புகிறார். காற்று முதுகில். நயினார்குளம் சந்தைக்கு வந்து சேரும்போது பேட்டரியில் 23 சதவீதம்தான் செலவாகியிருக்கிறது. "இன்னும் மூணு நடை போலாம் போலிருக்கே" என்று தோன்றும். டேஷ்போர்டும் அதற்கு ஏற்றாற்போல் பெரிய எண்ணைக் காட்டும். அந்தத் தைரியத்தில் டவுனுக்குள்ளும் மேலப்பாளையத்துக்கும் பாளையங்கோட்டைக்குமாக நாலு சில்லறை நடை அடித்துவிட்டு, மூன்று மணிக்குத் திரும்புகிறார். பிற்பகலில் காற்று இன்னும் கூடியிருக்கும். அதே 55 கிலோமீட்டருக்கு இப்போது 53 சதவீதம் வேண்டும். சில்லறை நடையில் 30 சதவீதம் போயிருந்தால் அவர் தென்காசி வந்து சேரமாட்டார். பாவூர்சத்திரம் தாண்டுவதே பாடு.

ஆக, காற்றுக் காலத்தில் முதலில் பார்க்க வேண்டியது, திரும்பும் ஓட்டம் எந்தத் திசையில் என்பதை. போகும்போது காற்றை எதிர்த்துப் போய், வரும்போது காற்றோடு வருகிறவருக்குக் கவலை குறைவு. அவருடைய மீட்டர் முதலிலேயே கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறது. நெல்லைக்காரர் காலியாகப் பாவூர்சத்திரம் போய்க் காய்கறி ஏற்றிக்கொண்டு வருவது இந்த விதத்தில் மிக நல்ல நடை: எதிர்க்காற்றில் காலி வண்டி, லோடு ஏறியபின் காற்று முதுகில்.

இன்னொன்று. போகும்போது இழந்ததை வரும்போது காற்று திருப்பித் தந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முழுசாகத் தராது. மேலே சொன்ன கணக்கில் காற்றில்லாத நாளில் தென்காசி போகவர 14 யூனிட். காற்று நாளில் 16-க்கு மேல். அந்த இரண்டு யூனிட் போனது போனதுதான்.

நாகர்கோவில் ரோட்டில் நாங்குநேரி, வள்ளியூர் வரை காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் வரும். காவல்கிணறு தாண்டி ரோடு ஆரல்வாய்மொழி வாசலை நோக்கித் திரும்பியதும் முகத்தில் அறையும். அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

நான்காம் படி: லோடின் எடையைவிட உயரத்தைக் கவனியுங்கள்

லோடு கூடினால் ரேஞ்ச் குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். சமதளத்தில் அது நினைக்கிற அளவு குறையாது. என் கணக்கில் 500 கிலோ கூடினால் யூனிட் செலவு 15 சதவீதம் கூடுகிறது, அவ்வளவுதான். கேபினுக்கு மேலே இரண்டு அடி உயரத்துக்கு லோடு எழும்பி நின்றால், 50-இல் போகும்போது அதுவும் ஏறக்குறைய அதே அளவு தின்கிறது. எதிர்க்காற்று இருந்தால் அந்த 500 கிலோவைவிட உயரம்தான் அதிகம் தின்னும்.

களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சருகைக் கீழே பரப்பி, தாரை நிமிர்த்தி நிறுத்தி, அதன்மேல் இன்னொரு வரிசை, அதன்மேல் படுக்கைவசமாக ஒன்று. மேல்வரிசை கேபினைத் தாண்டி நிற்கும். கயிறு போட்டு இறுக்கினாலும் தார்ப்பாயின் ஓரம் எங்காவது விட்டிருக்கும். நெடுஞ்சாலையில் அது படபடவென்று அடிக்கிற ஒவ்வொரு அடியும் பேட்டரியில் இருந்துதான் வருகிறது. பத்தமடைப் பாய்க்கட்டு எடை குறைவுதான், ஆனால் உயரமாக அடுக்கினால் இதே கதை. புளியங்குடி எலுமிச்சை மூட்டை கனம், ஆனால் தாழ்வாக உட்காரும். அது வண்டிக்குப் பரவாயில்லை.

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்ற பெரிய மின்சார பிக்கப்பில் 131 யூனிட் பேட்டரி வைத்து, 320 மைல், அதாவது 515 கிலோமீட்டர் ஓடும் என்று அந்நாட்டு அரசு அளவை சொல்கிறது. பின்னால் ஒரு பெட்டி வண்டியைக் கட்டி இழுத்துப் பார்த்தவர்களுக்கு ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது. எடையைவிட, அந்தப் பெட்டியின் அகன்ற நெற்றி காற்றில் முட்டுவதுதான் முக்கியக் காரணம். அத்தனை பெரிய பேட்டரிக்கே அந்தப் பாடு என்றால் நம் 21 யூனிட்டுக்குச் சொல்ல வேண்டாம்.

முடிந்தவரை லோடைத் தாழ்வாகவும் அகலமாகவும் அடுக்குங்கள். உயரம் தவிர்க்க முடியாதென்றால் முன்பக்கம் தாழ்ந்து பின்னால் ஏறும்படி அடுக்கி, தார்ப்பாயை உடம்போடு ஒட்ட இழுத்துக் கட்டுங்கள். அதன் மேலே குறுக்காக இரண்டு கயிறு கூடப் போட்டால் அடிப்பது நிற்கும். பக்கக் காற்றில் வண்டி சாயாமல் இருக்கவும் அது நல்லது.

ஐந்தாம் படி: வேகமும் டயரும்

டீசல் வண்டிக்கு டவுனுக்குள் மைலேஜ் குறையும், ஹைவேயில் கூடும். மின்சார வண்டிக்கு நேர் தலைகீழ். வண்ணார்பேட்டை நெரிசலில் நின்று நின்று போகும்போது மோட்டார் சும்மா நிற்கிறது. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் கரண்ட் திரும்பியும் வருகிறது. நாலுவழிச்சாலையில் ஓங்கி அடிக்கும்போதுதான் தின்னும். காற்றில்லாத நாளில் 40-இல் போனால் யூனிட்டுக்கு 9 கிலோமீட்டர் தருகிற வண்டி, 60-இல் போனால் ஆறரைதான் தரும். நாங்குநேரிக்கு 60-இல் போவதற்கும் 50-இல் போவதற்கும் ஆறேழு நிமிஷம்தான் வித்தியாசம்.

டயர்க் காற்றை வாரம் ஒருமுறை, காலையில் டயர் சூடாகும் முன் பாருங்கள். 50-இல் போகும்போது வண்டி செலவழிக்கும் சக்தியில் பாதிக்கு மேல் டயர் உருள்வதற்கே போகிறது. எவ்வளவு காற்று என்பது கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். முன்டயருக்கும் பின்டயருக்கும், லோடுக்கும் காலிக்கும் வேறு வேறு. பஞ்சர் கடைக்காரர் எல்லா டயருக்கும் ஒரே அளவு வைத்துவிடுவார். நீங்கள் சொல்லி வைக்க வேண்டும்.

ஆறாம் படி: ஏற்றம் இறக்கம்

இது நேர் கணக்கு. 2 டன் வண்டி 100 மீட்டர் உயரம் ஏறினால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல் செலவு. 1000 மீட்டர் மலை ஏறினால் ஆறு யூனிட் வரை, பேட்டரியில் கால்பங்குக்கும் மேல், ரோட்டுத் தூரத்துக்கான செலவு போக. இறங்கும்போது கொஞ்சம் திரும்பி வரும். பாதி வந்தாலே நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி முழுசாக நிரம்பியிருந்தால் அதுவும் வராது, ஏற்றிக்கொள்ள இடமில்லாததால் மோட்டார் பிரேக் வேலை செய்யாது, முழுப் பாரமும் சக்கரத்து பிரேக்குக்கு வந்துவிடும். புளியரை தாண்டிக் கேரளத்துப் பக்கம் லோடோடு இறங்குபவர்கள் செங்கோட்டையில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டாம். தொண்ணூறு போதும்.

ஏழாம் படி: வெயிலும் சார்ஜும்

நம் வெயில் அன்றைய ரேஞ்சைப் பெரிதாகக் குறைக்காது. பேட்டரியின் ஆயுளைத்தான் குறைக்கும். சித்திரை மத்தியானம் ஓடி வந்த வண்டியை, வெட்டவெளியில் நிறுத்தி உடனே சார்ஜில் போடாதீர்கள். நிழலில் ஒரு மணி நேரம் ஆறட்டும். இரவில் போடுவது எல்லா விதத்திலும் நல்லது. 15 ஆம்பியர் பிளக் மணிக்கு மூன்று யூனிட் அளவு தரும், 21 யூனிட் பேட்டரி காலியில் இருந்து நிரம்ப ஏழெட்டு மணி நேரம். பழைய ஒயரிங்கில் போடாமல், எர்த் சரியாக உள்ள தனி லைன் இழுத்துப் போடுங்கள்.

பொது சார்ஜரை நம்பி நடை போடுகிறவர்கள் மூன்றைப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு வேகச் சார்ஜ் வசதி உண்டா, பிளக் பொருந்துமா, லோடோடு வண்டி அந்தக் கூரைக்குக் கீழே நுழையுமா. கடைசியை யாரும் கேட்பதில்லை. ஓட்டல் வாசல் சார்ஜர்கள் காருக்காகக் கட்டியவை. குலை அடுக்கிய வண்டி அங்கே தலையை நுழைக்க முடியாது. காலியாக இருக்கும்போது ஒருமுறை போய்ப் பார்த்து, வேலை செய்கிறதா என்று ஒரு சார்ஜ் போட்டே பார்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: நடையை முடிவு செய்வது

சித்திரை, வைகாசியில் எழுத ஆரம்பித்தால் ஆவணிக்குள் நோட்டில் எல்லா விதமான நாளும் விழுந்திருக்கும். அதில் முழு லோடு, எதிர்க்காற்று நாட்களின் தூரக் கணக்கை மட்டும் எடுங்கள். உதாரணமாக அது 100 கிலோமீட்டர் என்று வந்தால், அதில் 20 சதவீதத்தைத் தொடாத கையிருப்பாக விடுங்கள், மிச்சம் 80. பேட்டரி வயதாக ஆக அதுவும் குறையும். வாரண்டி அட்டையில் எத்தனை வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வரை பொறுப்பு என்று எழுதியிருக்கிறதோ, அதைக்கொண்டு பெருக்குங்கள். 80 சதவீதம் என்று இருந்தால், 64. இதுதான் அஞ்சாறு வருஷம் கழித்தும், ஆடியிலும், நிற்காமல் திரும்பி வரக்கூடிய மொத்த ஓட்டம்.

64 என்றதும் சோர்ந்துபோக வேண்டாம். நெல்லை, பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையம் என்று டவுனுக்குள் சுற்றும் வண்டிக்கு அது போதும். வேகம் குறைவு என்பதால் அங்கே நடைமுறையில் இன்னும் கூடவே கிடைக்கும். சேரன்மகாதேவி, ஆலங்குளம் போகவர இதற்குள் அடங்கும். வள்ளியூர் போகவர 90 அளவில் வரும். அதற்குப் போன இடத்தில் லோடு இறக்கும் நேரம் ஒரு 15 ஆம்பியர் பிளக் கிடைத்தால் போதும். இரண்டு மணி நேரத்தில் ஆறு யூனிட் ஏறிவிடும், மோசமான நாளிலும் முப்பது கிலோமீட்டர். மண்டிக்காரரிடமோ கடைக்காரரிடமோ கரண்டுக்கு மாசம் இவ்வளவு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலுக்குத் தினமும் லோடு அடிக்கிற தொழில் என்றால் இந்த அளவு பேட்டரி வண்டி வாங்காதீர்கள். பெரிய பேட்டரி வண்டியைப் பாருங்கள், அல்லது அந்த நடைக்கு டீசலையே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் டெமோ வண்டி கேட்பது உங்கள் உரிமை. காலி வண்டியை டவுனில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் லோடை ஏற்றி, உங்கள் ரோட்டில், முடிந்தால் ஆனி, ஆடி மாதத்துப் பிற்பகலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். தென்காசி ரோடு என்றால் ஆலங்குளம்வரை மேற்கே போங்கள். கிளம்பும்போதும் சேரும்போதும் சதவீதத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் ஓட்டத்தைத் தனியாகக் குறியுங்கள், இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு யாராவது காட்டினால் அந்த எண்ணை ஏற்காதீர்கள்.

எல்லாம் பார்த்தும் என்றாவது ஒருநாள் எதிர்க்காற்றில், 15 சதவீதத்தோடு, வீடு இன்னும் 20 கிலோமீட்டர் இருக்கும். அப்போது ஏசி இருந்தால் அணைத்துவிட்டு, வேகத்தை 35-க்கு இறக்குங்கள். தார்ப்பாய் அடித்துக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்தி இறுக்கிக் கட்டுங்கள். ஐந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை இழுக்காமல், பத்து இருக்கும்போதே தெரிந்தவர் கடையில் நிறுத்திப் பிளக்கைப் போட்டுவிடுங்கள். சாயங்காலம் காற்று தணிந்தபின் கிளம்பினால் அதே பேட்டரியில் கூடுதல் தூரம் கிடைக்கும்.